தத்துவம் சோறு போடுமா?

நம்ம ஊர்ல 'தத்துவம்' என்ற சொல்லுக்கு என்ன மரியாதைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஆட்டோ முதுகுல எழுதியிருந்தா தத்துவம். காதல்ல தோத்த நண்பன் ரெண்டு பீர் உள்ளே போனதும் பேசுறது தத்துவம். செல்போன் புதுசா வந்த காலத்துல எஸ்.எம்.எஸ்.ல சுத்தின மொக்கை ஜோக்குக்கெல்லாம் தலைப்பு 'தத்துவம்'. "ரொம்ப தத்துவம் பேசாதே"ன்னா வாயை மூடுன்னு அர்த்தம்.

இந்த லட்சணத்துல ஒருத்தன் வந்து "பள்ளிக்கூடத்துல தத்துவத்தை ஒரு பாடமா வைக்கணும்"னு சொன்னா சிரிப்புதான் வரும். நான் அதைத்தான் சொல்லப் போறேன். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன் :-)

எனக்குத் தத்துவத்துல பட்டம் எதுவும் கிடையாது. கணக்கு எழுதுற வேலை. ஆனா இருக்கறது புதுச்சேரி. இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே தெருவுல ஒரு வீட்டுப் பிள்ளை நம்ம பிளஸ் டூ படிக்கும். அடுத்த வீடு 'சொல்தா' வீடா இருந்தா (தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், பென்ஷன் பிரான்சுலேர்ந்து வரும்) அந்த வீட்டுப் பிள்ளை லிசேயில படிக்கும். 1826ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது. இன்னிக்கும் பிரெஞ்சுப் பாடத்திட்டம்தான். ஒரே வயசு, ஒரே தெரு, ரெண்டு பேரும் ஒரே கடையில சமோசா திங்கிற பசங்க. ஆனா கடைசி வருஷத்துல ஒருத்தர் மட்டும் நாலு மணி நேரம் உட்கார்ந்து தத்துவப் பரீட்சை எழுதணும். இன்னொருத்தருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

இந்த வித்தியாசம் ரொம்ப நாளா என்னை உறுத்திக்கிட்டு இருக்கு.

அது என்ன பரீட்சை?

பிரான்சுல பள்ளிப் படிப்பு முடியும்போது எழுதுற தேர்வுக்குப் பாக்கலோரியான்னு பேர். 1808ல நெப்போலியன் ஆணை போட்டு உண்டாக்கினது. மறு வருஷம் முதல் தடவை நடந்தபோது தேறினவங்க 31 பேர்தான். வாய்மொழித் தேர்வு. அந்தக் காலத்துலேர்ந்தே தத்துவம் அதுல இருக்கு. இப்போ பொதுப் பிரிவுல கடைசி வருஷம் படிக்கிற அத்தனை பேருக்கும், கணக்கு எடுத்தவனோ பொருளாதாரம் எடுத்தவனோ, வாரம் 4 மணி நேரம் தத்துவ வகுப்பு கட்டாயம். தொழில்நுட்பப் பிரிவுக்கு வாரம் 2 மணி நேரம்.

பாடத்திட்டம்னு பார்த்தா 17 சொற்கள். அவ்வளவுதான்! கலை, மகிழ்ச்சி, பிரக்ஞை, கடமை, அரசு, நனவிலி, நீதி, மொழி, சுதந்திரம், இயற்கை, பகுத்தறிவு, மதம், அறிவியல், தொழில்நுட்பம், காலம், உழைப்பு, உண்மை. கூடவே தத்துவ அறிஞர்கள் பட்டியல் ஒண்ணு. பிளேட்டோ, கான்ட், மார்க்ஸ் எல்லாம் இருப்பாங்கன்னு நீங்களே சொல்லிடுவீங்க. கடைசியா திருத்தினப்போ சேர்த்தவங்கள்ல ஒருத்தர் நம்ம நாகார்ஜுனர். பௌத்த அறிஞர் நாகார்ஜுனரேதான். பிரெஞ்சுக்காரப் பிள்ளை அவர் எழுதினதைப் படிக்க வாய்ப்பிருக்கு. நம்ம பிள்ளைக்கு நாகார்ஜுனான்னா தெலுங்கு நடிகர்.

பரீட்சையில மூணு கேள்வி. ரெண்டு ஒருவரிக் கேள்வி, மூணாவது ஒரு சின்ன உரைப்பகுதி. ஏதாவது ஒண்ணை எடுத்துக்கிட்டு நாலு மணி நேரம் எழுதணும். உரைப்பகுதியை எடுத்தா, அதை எழுதின அறிஞரோட கொள்கை என்னன்னு தெரிஞ்சிருக்கணும்கிற அவசியம் இல்லைன்னு கேள்வித்தாள்லயே போட்டிருப்பாங்க. முன்னாடி இருக்கற பத்து இருபது வரியை ஒழுங்கா வாசிச்சு, அவர் என்ன சொல்றார், ஏன் சொல்றார்னு விளக்கினா போதும். மனப்பாடத்தை மூட்டை கட்டி வாசல்லயே வெச்சுட்டு வாங்கன்னு அர்த்தம்.

2024 ஜூன்ல பொதுப் பிரிவுக்கு வந்த ஒருவரிக் கேள்வி ஒண்ணு இது: அரசு நமக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா?

2025ல வந்தது: உண்மை எப்பவுமே நம்ப வைக்கக்கூடியதா?

ரெண்டாவது கேள்வியைப் படிச்சதும் உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வரலைன்னா நீங்க ரொம்பக் கொடுத்து வெச்சவங்க.

ஒரு கேள்வியைப் பிரிச்சுப் பார்ப்போம்

முதல் கேள்வியை எடுத்துக்குவோம். அரசு நமக்குக் கடன்பட்டிருக்கா? நம்ம டீக்கடையில இந்தக் கேள்வியைப் போட்டா ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒருத்தர் "ஆமாய்யா, நம்ம வரிப்பணம்தானே"ம்பார். இன்னொருத்தர் "இலவசம் கொடுத்துக் கொடுத்தே நாட்டைக் கெடுத்துட்டானுங்க"ம்பார். அப்புறம் எந்தக் கட்சி எவ்வளவு அடிச்சதுன்னு திசை மாறிடும். கேள்வி அங்கேயே அனாதையா நிக்கும்.

தத்துவ வகுப்புல முதல் வேலை, கேள்வியில இருக்கற சொல்லைப் பிடிச்சு உலுக்குறது. 'கடன்'னா என்ன? பேங்க் லோனும் கடன். நன்றிக்கடனும் கடன். காலைக்கடன்னு சொல்றோமே, அது யார்கிட்டயும் வாங்கினது இல்லை, செஞ்சே ஆகவேண்டியது. தமிழ்ல கடனும் கடமையும் ஒரே வேர். இதுல அரசு பட்டிருக்கறது எந்தக் கடன்?

அடுத்து, 'நமக்கு'ன்னா யாருக்கு? வரி கட்டுறதனாலதான் கடன்னா, நேத்துப் பிறந்த குழந்தைக்கு அரசு எதுவும் செய்ய வேண்டாமா? காசு கொடுத்தவனுக்கு மட்டும் சரக்குன்னா அதுக்குப் பேர் கடை. வரி கட்டாதவனுக்கும் கடன் உண்டுன்னா, அந்தக் கடன் எங்கேயிருந்து முளைச்சது? (தீப்பெட்டி வாங்குறவன்கூட வரி கட்டுறான்னு ஒருத்தர் சொல்வார். சரிதான். ஆனா தீப்பெட்டியே வாங்க முடியாதவன்?)

மூணாவது, 'அரசு'ன்னா யார்? அது நாமதான்னா, ஒருத்தன் தனக்குத்தானே கடன்பட முடியுமா? என் வலது பாக்கெட் இடது பாக்கெட்டுக்குப் பத்து ரூபா தரணும்னு சொன்னா சிரிப்பீங்க. அரசு நாம இல்லைன்னா, அப்போ ஓட்டுப் போட்டது எதுக்கு?

இது ஏதோ பாரிஸ்காரன் பொழுதுபோகாம யோசிக்கிற விஷயம்னு நினைச்சுடாதீங்க. 2021ல தமிழ்நாட்டுல பெண்களுக்கு டவுன் பஸ்ல கட்டணமில்லாப் பயணம் வந்துச்சு. 2022ல ஒரு அமைச்சர் அதை 'ஓசி'ன்னு சொல்லப்போய் மாநிலமே கொதிச்சது. 2023 செப்டம்பர்ல மாசம் 1000 ரூபா திட்டம் ஆரம்பிச்சப்போ அதுக்கு வெச்ச பேர் மகளிர் 'உரிமைத்' தொகை. 'உதவித்' தொகை இல்லை, கவனிங்க.

உதவின்னா கொடுக்கறவன் பெரியவன். வாங்குறவன் கும்பிடணும். கொடுக்கறவனுக்கு மனசு மாறினா நிறுத்திக்கலாம், கேக்க முடியாது. உரிமைன்னா கதையே வேற. தாமதமானா அது தப்பு. 'தகுதி இல்லை'ன்னு ஒருத்தரைத் தள்ளினா காரணம் சொல்லணும். அதே ஆயிரம் ரூபா, அதே பேங்க் அக்கவுன்ட். சொல் மாறினா வாங்குறவளோட முதுகெலும்பு நிமிருது. அப்படியே இன்னொரு கேள்வியும் வருது: உரிமைன்னா எல்லாருக்கும்தானே இருக்கணும், சிலருக்கு மட்டும் கொடுக்கறது எப்படி உரிமையாகும்?

ஓசியா, உதவியா, உரிமையான்னு நாம மூணு வருஷம் சண்டை போட்டோம். அந்த மூணு சொல்லுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு எத்தனை பேர் உட்கார்ந்து பேசினோம்? நான் கேட்ட வரைக்கும் யாரும் பேசலை. கோபம் வந்துச்சு, மீம்ஸ் வந்துச்சு, அடுத்த பிரச்னை வந்துச்சு, போயிட்டோம்.

நான் சொல்ற தத்துவம் இதுதான். பிரம்மம், மாயை, ஆன்மான்னு ஆரம்பிச்சுப் பயமுறுத்த வேண்டாம். தினமும் வாயில புழங்குற சொல்லை நிறுத்தி "உனக்கு என்ன அர்த்தம்?"னு கேக்குற பழக்கம்.

ரெண்டு பிள்ளைங்க

இந்தக் கேள்வியை ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல போட்டுப் பார்த்தேன். அக்கா பையன் பிளஸ் டூ. பக்கத்து வீட்டுப் பொண்ணு லிசேயில கடைசி வருஷம். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்து "பத்து நிமிஷம், என்ன தோணுதோ எழுதுங்க"ன்னேன்.

பையன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இது எந்தப் பாடத்துல வருது? எத்தனை மார்க்?"

பொண்ணு எதுவும் கேக்கலை. பேப்பரை மூணாப் பிரிச்சுக் கோடு போட்டுச்சு. ஒரு பக்கம் ஆமாங்கறதுக்குக் காரணம், ஒரு பக்கம் இல்லைங்கறதுக்குக் காரணம், கீழே 'ரெண்டு பேரும் எதைக் கவனிக்கலை?'ன்னு ஒரு கட்டம். எனக்கு ஆச்சரியமாயிடுச்சு. "உனக்கு இதுல என்னம்மா அபிப்பிராயம்?"னு கேட்டா, "தெரியலை அங்கிள், எழுதி முடிச்சாதான் தெரியும்"னுது.

ஆனா கதை இங்கே முடியலை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடிச்சுக்கிட்டு இருந்த நம்ம பையன், "கடன்னா யார் யார்கிட்ட வாங்கினது மாமா? நாங்க அரசாங்கத்துக்கு எதுவும் கொடுக்கலையே. எங்க தாத்தா காலத்துல எங்களைப் படிக்க விடாம வெச்சாங்களே, அதைக் கணக்குல சேர்த்தா கடன்னு சொல்லலாமா?"ன்னான்.

அந்தப் பொண்ணு கோடு போட்ட பேப்பர்ல இந்த விஷயம் இல்லை. அது ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இதை நான் எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டுச்சு.

மக்களே, புத்தியில குறைச்சல் எதுவும் இல்லை. அவன்கிட்ட இருந்தது அந்தப் பொண்ணுகிட்ட இல்லாத சரக்கு. பன்னிரண்டு வருஷப் படிப்புல அவனை யாரும் அப்படி ஒரு கேள்வி கேக்கலை, அவ்வளவுதான். அவன் கேட்ட கேள்வியெல்லாம் புக் பேக் கேள்வி. அதுக்கு ஒரு கீ ஆன்சர் இருக்கும். அஞ்சு பாயிண்ட் எழுதினா அஞ்சு மார்க். ஆறாவதா சொந்தமா ஒரு பாயிண்ட் எழுதினா சிவப்பு மை. என் காலத்துலயும் இதே கதைதான். ஒரு வாத்தியார் "ஏன் சார்?"னு கேட்ட பையனை "நீ என்ன பெரிய சாக்ரடீஸா?"ன்னு பெஞ்சு மேல ஏத்தி விட்டார். சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தாங்கங்கறது மட்டும் எங்களுக்குத் தெளிவாப் புரிஞ்சது.

நீதிபோதனை வேற, தத்துவம் வேற

"நம்மகிட்டதான் நீதிபோதனை வகுப்பு இருக்கே, திருக்குறள் இருக்கே"ன்னு ஒரு கேள்வி வரும். மேல்நிலையில 'அறவியலும் இந்தியப் பண்பாடும்'னு ஒரு பாடநூலே உண்டு. நல்ல விஷயம்தான், வேண்டாங்கலை. ஆனா அது வேற இது வேற. நீதிபோதனை "பொய் சொல்லாதே"ன்னு சொல்லும். தத்துவ வகுப்பு, "கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கேன்னு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"ன்னு கேக்கும். (கான்ட் சொல்லணும்னார். அவரோட நிறைய பேர் சண்டைக்குப் போனாங்க.) முதல் வகுப்புல பையன் தலையாட்டினா பாஸ். ரெண்டாவதுல தலையாட்டினா ஃபெயில்.

இது இறக்குமதிச் சரக்கும் இல்லை. மணிமேகலையை எடுத்துக்குங்க. 27ஆவது காதையில மணிமேகலை வஞ்சி நகரத்துல வேஷம் மாறிப்போய், அளவைவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், பூதவாதின்னு வரிசையா ஒவ்வொரு சமயக்காரன்கிட்டயும் "உன் கொள்கை என்ன?"ன்னு கேக்குறா. பூதவாதின்னா நாத்திகன். அவனையும் விடலை. 29ஆவது காதையில காஞ்சியில அறவண அடிகள் அவளுக்குத் தருக்கமே சொல்லிக் கொடுக்கறார். தப்பான வாதத்துக்கு அங்கே பேர் 'போலி'. பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலின்னு வகை பிரிச்சுப் பட்டியலே இருக்கு. காரணம் மாதிரி தெரியும் ஆனா காரணம் இல்லைன்னா அது ஏதுப் போலி. உதாரணம் மாதிரி தெரியும் ஆனா பொருந்தாதுன்னா திட்டாந்தப் போலி. ராத்திரி ஒன்பது மணி டிவி விவாதத்துக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு உட்காருங்க. பத்து நிமிஷத்துல மூணு வகையும் கிடைக்கும்.

நம்ம பிள்ளைங்க மணிமேகலையைப் படிக்கிறாங்களான்னா, படிக்கிறாங்க. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், சமயம் பௌத்தம். ஒரு மார்க்.

இலங்கையில உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்கள் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்'னு ஒரு பாடம் தமிழ்லயே எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல மெய்யியல் துறையே இருக்கு. ஆக, தமிழ்ல பாடமா நடத்தக் கலைச்சொல் இல்லைன்னு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கேரளாவுல மேல்நிலையில தத்துவம் ஒரு விருப்பப் பாடம். மேற்கு வங்கத்துலயும் அப்படியே. மகாராஷ்டிராவுல தர்க்கம் உண்டு.

எதிர்ப்பக்கம்

எனக்கு ஒத்துவராத பக்கத்தையும் எழுதினாதானே நியாயம்.

1. "படிப்புக்கு உதவுமா? மார்க் ஏறுமா?"

ஏறும்னு சொல்லி விக்கப் பார்க்கறவங்க இருக்காங்க. நான் அந்த வியாபாரத்துக்கு வரலை. இங்கிலாந்துல குழந்தைகளுக்கான தத்துவ வகுப்பு வெச்சு 48 பள்ளிகள்ல சோதிச்சாங்க. 2015ல வந்த அறிக்கை, வாசிப்புலயும் கணக்குலயும் சுமார் ரெண்டு மாசப் படிப்பு அளவுக்கு முன்னேற்றம்னு சொன்னுச்சு. எல்லாரும் கொண்டாடினாங்க. அப்புறம் இன்னும் பெரிய அளவுல செஞ்சு 2021ல வந்த அறிக்கையில, வாசிப்புல அப்படி ஒரு பலன் தெரியலை. ஆக, கணக்குல சென்டம் வாங்கத் தத்துவம் படிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கணக்குல சென்டம் வாங்கணும்னா கணக்குப் போடுங்க. தத்துவம் தத்துவத்துக்காகத்தான்.

2. "இது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான விளையாட்டு."

இதுதான் பலமான வாதம். பிரான்சுலயே பூர்தியூவும் பாஸ்ரோனும் 1964லயே ஒரு புத்தகத்துல இதைப் போட்டு உடைச்சாங்க. வீட்டுல புத்தக அலமாரியும் சாப்பாட்டு மேஜை விவாதமும் இருக்கற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏற்கெனவே பழகின இடம். மத்தவங்களுக்கு அந்நிய தேசம். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்காத ஒண்ணுக்குத்தான் மார்க் போடுதுங்கறது அவங்க குற்றச்சாட்டு. (பூர்தியூவே தத்துவம் படிச்சு, லிசேயில தத்துவ வாத்தியாரா இருந்தவர்.) இன்னிக்கும் அங்கே தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தத்துவம் கட்டாயப் பாடம் இல்லை. மெக்கானிக் ஆகப்போறவனுக்கு உண்மையும் நீதியும் எதுக்குன்னு விட்டுட்டாங்க போல.

ஆனா இந்த வாதத்துலேர்ந்து கிடைக்கிற முடிவு என்ன? "அதனால வேண்டாம்"கறதா, "அதனால எல்லாருக்கும் வேணும்"கறதா? நம்ம வீடுகள்ல "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" தான் முதல் பாடம். ஒரு சில வீட்டுலதான் "நீ என்ன நினைக்கிறே?"ன்னு பிள்ளையைக் கேப்பாங்க. வீட்டுல கிடைக்காதவனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டா வேற எங்கே கிடைக்கும்? நீச்சல் பணக்காரன் விளையாட்டுன்னு சொல்லி ஏழையை நீச்சல் கத்துக்க விடாம இருக்கறது ஏழைக்குச் செய்யுற உபகாரமா?

3. "நம்ம ஊர்ல வந்தா நோட்ஸ் போட்டு நாசம் பண்ணிடுவானுங்க."

நியாயமான பயம். 'சுதந்திரம் – சிறு குறிப்பு வரைக'ன்னு கேள்வி வரும், கைடுல ஆறு பாயிண்ட் இருக்கும். சரி, அப்போ பரீட்சையே வேண்டாம்னு விட்டா? மார்க் இல்லாத பாடத்துக்கு நம்ம ஊர்ல என்ன கதின்னு தெரியுமே. பி.இ.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தரவே மாட்டார். (இது நிஜமான கடன்!) அதனால பரீட்சை வேணும். ஆனா கீ ஆன்சர் இருக்கக் கூடாது. பிரான்சுல திருத்துற வாத்தியார்கள் திருத்தறதுக்கு முன்னாடி கூடி உட்கார்ந்து, எதை நல்ல விடைன்னு எடுத்துக்கறதுன்னு பேசி வைக்கிறாங்க. அங்கேயும் மார்க் வாத்தியாருக்கு வாத்தியார் மாறுதுன்னு வருஷா வருஷம் புலம்பல் இருக்கு. இருக்கட்டும். மனுஷன் எழுதினதை மனுஷன் திருத்தினா அப்படித்தான்.

4. "அதான் ஏஐ வந்துடுச்சே, எழுதிக் கொடுத்துடுமே."

2023 ஜூன்ல பாரிஸ்ல இதை விளையாட்டா சோதிச்சுப் பார்த்தாங்க. மகிழ்ச்சி பகுத்தறிவோட சம்பந்தப்பட்டதாங்கற மாதிரி ஒரு பரீட்சைக் கேள்வியை சாட்ஜிபிடிகிட்டயும் ரஃபேல் ஆந்தோவன்கிற தத்துவப் பேராசிரியர்கிட்டயும் கொடுத்தாங்க. அவருக்கு 20க்கு 20. மெஷினுக்கு 11. அப்புறம் மெஷின் எவ்வளவோ வளர்ந்துடுச்சு. இன்னிக்கு வெச்சா இன்னும் அதிகமாவே வாங்கலாம். எனக்கு அது பிரச்னையே இல்லை. கிரேன் 500 கிலோ தூக்குதுன்னு நாம உடற்பயிற்சியை நிறுத்தறதில்லை. கட்டுரை யாருக்கு வேணும்? அதை எழுதும்போது பிள்ளை தன் அபிப்பிராயத்துக்கு எதிரான வாதத்தை ஒரு பக்கம் எழுதுதே, அதுவும் எதிராளியே படிச்சா "ஆமா, இதைத்தான் சொன்னேன்"னு ஒத்துக்கற மாதிரி எழுதுதே, அதுதான் வேணும். அதை மெஷின் நமக்காகச் செய்ய முடியாது.

யாருக்குப் பிடிக்காது?

இந்தப் பாடத்தோட மதிப்பு தெரியணும்னா, அதை எடுத்துத் தூக்கிப் போட்டவங்க யாருன்னு பார்க்கணும்.

1851 டிசம்பர்ல லூயி நெப்போலியன் பிரான்சுல ஆட்சியைக் கவிழ்த்துப் பிடிச்சார். மறு வருஷமே அவரோட கல்வி அமைச்சர் ஃபோர்துல், தத்துவ வகுப்பைச் சுருக்கி வெறும் தர்க்க வகுப்பா ஆக்கினார். தத்துவ ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கற போட்டித் தேர்வையே நிறுத்திட்டார். 1863ல விக்தோர் துருய் அமைச்சரா வந்தப்புறம்தான் திரும்ப வந்துச்சு. பிரேசில்ல இராணுவ ஆட்சி நடந்தப்போ, 1971ல வந்த கல்விச் சட்டத்தோட தத்துவம் பள்ளியிலேர்ந்து ஒதுங்கிப் போச்சு. ஜனநாயகம் வந்து பல வருஷம் கழிச்சு, 2008ல ஒரு சட்டம் போட்டு உயர்நிலையில மூணு வருஷமும் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. 2017ல வந்த சீர்திருத்தம் அதைத் திரும்பவும் தளர்த்துச்சு.

பிரான்சுல 1975ல ஒரு கல்விச் சீர்திருத்தத்துல தத்துவத்தை மெல்ல ஓரங்கட்டப் பார்த்தப்போ, தெரிதா மாதிரி ஆட்கள் சேர்ந்து சண்டை போட்டாங்க. 1979 ஜூன்ல சோர்போன்ல பெரிய மாநாடே நடத்தினாங்க. அவங்க சும்மா காப்பாத்துங்கன்னு கேக்கலை, இன்னும் சின்ன வகுப்புலேர்ந்தே ஆரம்பிங்கன்னு கேட்டாங்க.

நல்லாக் கவனிங்க. கவிழ்த்துப் பிடிச்சவன் சும்மா இருக்கலை. "ஏன்?"னு கேக்கச் சொல்லித் தர்ற பாடத்துல கையை வெச்சான். சோறு போடாத, யாருக்கும் பிரயோஜனமில்லாத பாடம்னா எதுக்குப் பயப்படணும்?

அப்போ என்னதான் செய்யலாம்?

என் கனவு ரொம்பச் சின்னது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுல வாரம் ரெண்டே பீரியட். எல்லா குரூப்புக்கும், தொழிற்பிரிவையும் சேர்த்து. தமிழ்ல. 17 சொல் வேண்டாம், ஏழு போதும்: உண்மை, நீதி, உரிமை, கடமை, உழைப்பு, சாதி, நம்பிக்கை. (சாதி பிரெஞ்சுப் பட்டியல்ல இல்லை. நம்ம பட்டியல்ல இல்லாம இருக்க முடியாது.) வருஷக் கடைசியில ஒரே கேள்வி, ரெண்டு மணி நேரம். உன் கட்சியை எழுது, உன் எதிர்க்கட்சியை அதைவிட நல்லா எழுது, அப்புறம் முடிவுக்கு வா. நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் ஓடுற பிள்ளைங்களுக்கு நேரம் எங்கேன்னு கேப்பீங்க. நாளைக்கு டாக்டராகி, வென்டிலேட்டரை எடுக்கலாமா வேண்டாமான்னு ஒரு குடும்பத்துகிட்டப் பேசப்போற பிள்ளைக்கு வாரம் ரெண்டு பீரியட் அதிகம்னு எனக்குத் தோணலை.

தலைப்புல கேட்ட கேள்விக்கு வரேன். சோறு போடுமா?

மணிமேகலையை எழுதின சாத்தனாரைக் கூலவாணிகர்னு சொல்லுது மரபு. கூலம்னா தானியம். சோத்தோட மதிப்பு தெரிஞ்ச வியாபாரி. அவரோட நாயகி கையில அமுதசுரபி. 28ஆவது காதையில பஞ்சத்துல வாடுற காஞ்சிக்குப் போய் ஊர் ஜனத்துக்கெல்லாம் சோறு போடுறா. அடுத்த காதையில அதே ஊர்ல உட்கார்ந்து தருக்கம் படிக்கிறா. சோறா தத்துவமான்னு அந்தத் தானிய வியாபாரிக்குச் சந்தேகமே வரலை. முதல்ல சோறு, அடுத்தாப்புல யோசனை, ரெண்டும் ஒரே பெண்ணோட வேலை. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை வரவழைச்ச ஊர் இது. வயிறு நிறைஞ்சு வந்து உட்கார்ந்திருக்கற பிள்ளைகிட்ட அடுத்து கேக்க வேண்டியதுதானே: "சரிப்பா, நீ என்ன நினைக்கிறே?"

உங்க வீட்டுல பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளை இருந்தா, ராத்திரி சாப்பிடும்போது மேலே இருக்கற ரெண்டு கேள்வியில ஒண்ணைப் போட்டுப் பாருங்க. பதில் சொல்லித் தராதீங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. "எத்தனை மார்க்?"னு கேட்டா அதையும் எழுதுங்க, கணக்கு வெச்சுக்கறேன்.

பி.கு: "மொதல்ல உன் வேலையைப் பாருய்யா"ன்னு பின்னூட்டம் போட நினைக்கிற அன்பர்களுக்கு: அது ஏதுப் போலி :-)